கெட்டிலை இறக்கிய பிறகு

மெல்பர்ன்,
மார்ச் 3, 1998

அடி யூனா,

உன் புருஷன் கிளெம் செத்துப் போய் ஆறு வருஷம் கழிச்சு இந்த ஊருக்கு அவன் ஞாபகம் வந்திருக்கு. அவன் எழுதின ‘கம்பளிக் காலம்’ நாடகத்தை ஜூன்ல மறுபடி போடறோம். நோரா வேஷம் எனக்கேதான்! எண்பது வயசு நோரா. சிரிக்காதே.

கடைசிக் காட்சிதான் இடிக்குது. ஆட்டுக்குக் கம்பளி வெட்டப் போன புருஷன், வந்த அன்னிக்கே மறுபடி கிளம்பறேங்கிறான். நோரா கெட்டிலை இறக்கி வச்சுட்டு, வாயே திறக்காம உட்கார்றா. திரை. "இந்தக் காலத்துல எவ இப்படிச் சும்மா இருப்பா?"ங்கிறா டைரக்டர் கோரலி. நாலு வரி அவளே எழுதி வச்சிருக்கா. உரிமை உன்கிட்ட இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை எழுது, கண்ணு.

மெர்ல்

பல்லாரட்,
மார்ச் 11, 1998

அன்புள்ள மெர்ல்,

எங்கள் கான்வென்ட் பள்ளியில் நீ படித்திருந்தால் இப்படிக் கிறுக்கியிருக்க மாட்டாய். இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

முடியாது. கிளெம்மின் நாடகத்தில் அடுத்தவர் எழுதிய வரி ஏறாது. ஏழு நாடகங்களையும் தட்டச்சு செய்தவள் நான். முதல் நாடகம் லண்டன் வரை போனது. மற்ற ஆறும் காலி நாற்காலிகளுக்கு நடந்தன. கடைசி நாடகம் நடந்த அன்று, ஊர்மன்றத்தில் பார்க்க வந்தவர்களைவிடத் தேநீர் ஊற்ற நின்ற பெண்கள் அதிகம். தட்டு நிறைய லாமிங்டன் கேக் செய்துகொண்டு போனேன். அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

வருடம்தோறும் யாராவது அவரைத் திருத்த வருகிறார்கள். பதில் எழுதியே அலுத்துவிட்டது. ஆனால் கடைசிக் காட்சியில் வரும் அந்த மௌனம் அவர் எழுதியதல்ல என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

யூனா ரோடன்

மெல்பர்ன்,
மார்ச் 19

யூனா,

தெரியாம என்ன? முதல் ஆட்டத்துல எனக்கு வரி மறந்துபோச்சு. பேசாம உட்கார்ந்துட்டேன். ஜனங்க எழுந்து நின்னு கைதட்டினாங்க. உன் புருஷன் ஓடி வந்து, "இனிமே இதுதான் முடிவு, மெர்ல், மாத்தாதே"ன்னான்.

மேடை ஓரத்துல உட்கார்ந்து, மறந்தவங்களுக்கு வரி எடுத்துக் கொடுத்தவ நீதானே? ஏன்டி கொடுக்கலை? இத்தனை வருஷமா கேட்க வாய் வரலை. அது என்ன வரின்னே இப்ப நினைவில்லை.

மெர்ல்

பல்லாரட்,
மார்ச் 27, 1998

அன்புள்ள மெர்ல்,

நடிகை ஓரத்தைப் பார்க்காதவரை வரி எடுத்துக் கொடுக்கக் கூடாது. மேடைச் சட்டம் அது. விரலை அந்த வரிமேல் வைத்துக் காத்திருந்தேன். நீ திரும்பவில்லை.

அந்த வரி என்னுடையது. அவர் சிட்னிக்குக் கிளம்பிய ஒரு காலை, எங்கள் சமையலறையில் நான் சொன்னது. தேநீர் ஆறுவதற்குள் எழுதிக்கொண்டார். அவருடைய ஏழு நாடகங்களிலும் நான் பேசிய ஒரே வாக்கியம். கைதட்டல் கேட்டதும் அந்த வரியை அடித்துவிட்டார், என்னைக் கேட்கவில்லை. அடுத்த பிரதியை அது இல்லாமல் நானே தட்டச்சு செய்தேன்.

கோரலியின் நாலு வரியும் வேண்டாம். இதைச் சொல்:

"போறதுன்னா போ. நான் இங்க இருந்தேன்னு ஒரு தடவை சொல்லிட்டுப் போ."

இப்போதெல்லாம் வரி எடுத்துக் கொடுக்கக் காதில் ஏதோ கருவி மாட்டுகிறார்களாமே; மாட்டிக்கொள்ளாதே. ஜூன் குளிர் என் முழங்காலுக்கு ஆகாது, இருந்தாலும் வருகிறேன். ஓரத்தில் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்று போடச் சொல்.

மறந்தால், இந்த முறை என் பக்கம் திரும்பு.

யூனா