அம்மாவின் நேர்ச்சை

ஸஃபேத்,
திஷ்ரி மாதம் எட்டு பிறந்த இரவு.

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் மசால் வணங்கி எழுதுவது. நானும் தம்பி ஆஷேரும் நலம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? அந்தப் புது ஊரில் ஜெபம் நடத்த வேறு ஆளில்லை என்பதால் போனீர்கள், தெரியும். இருந்தாலும் இந்த வருடம் போகாமல் இருந்திருக்கலாம்.

அம்மாவும் நலம் என்று எழுத வரவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தலைவலி விடுவதில்லை. கண்முன் பூச்சி பறக்கிறது என்கிறாள்.

போன வாரம் ரபி பின்ஹாஸிடம் அம்மாவோடு நானும் போனேன். பாவநிவிர்த்தி நாள் விரதத்துக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். மருத்துவச்சி சொன்னதையெல்லாம் அவர் விசாரித்தார். பிறகு, "வாய் நிறையாத அளவா, இடைவெளி விட்டு விட்டுக் குடிம்மா. நீ பட்டினி கிடந்தாத்தான் பாவம்" என்றார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், எதிரே வந்த ஸுல்தானா அத்தையிடம், ரபி விரதம் இருக்கச் சொல்லிவிட்டார் என்றாள். என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். போன வருடமும் ரபி சொன்னபடிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாளாம். அடுத்து வந்த கூடாரப் பண்டிகை முடிவதற்குள் பாப்பா உயிரில்லாமல் பிறந்தான். "அந்தத் தண்ணிதான்டி அவனைக் கொண்டுபோச்சு" என்றாள். அடுத்த பிள்ளை தங்கினால் ஒரு விரதத்திலும் ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று அப்போதே நேர்ந்துகொண்டாளாம். புத்தாண்டுக்கு அடுத்து வந்த சின்ன விரதத்திலேயே, துணி துவைக்கும் தொட்டியருகில் மயங்கி விழுந்தாள். நான்தான் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் திறந்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டாள், அப்பா. ஒரு துளி உள்ளே போய்விடக்கூடாதாம்.

இன்று விடியலில் பாவம் போக எங்கள் தலைக்கு மேல் கோழி சுற்றினோம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மூன்று வேண்டும் அல்லவா, தனக்கு ஒரு கோழி, பிள்ளை ஆணோ பெண்ணோ என்று ஒரு சேவலும் ஒரு கோழியும். அம்மா பிள்ளைக்கு மட்டுமே வாங்கியிருந்தாள். "உனக்கெங்கடி? அடுத்த வருஷம் சேர்த்துச் சுத்திக்கலாம்னு மிச்சம் பிடிக்கிறியா?" என்று ஸுல்தானா அத்தை கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "எனக்கெதுக்குக்கா" என்று அம்மாவும் சிரித்தாள்.

இரவு படுக்கும்போது எங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாள். அது விரதம் தொடங்கும் மாலையில் செய்வது. ஏன் இப்போதே என்று கேட்டேன். ஆஷேரின் கம்பளிச் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

இந்த நேர்ச்சையை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "இந்த ஊர்ல ஒரு காதுக்கும் போகக்கூடாது, பிறக்கப்போற பிள்ளை மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணிவிட்டேன். அதனால்தான் ரபியிடம் ஓடவில்லை. நீங்கள் இந்த ஊரில் இல்லையே, அப்பா. உங்களுக்கு எழுதுவது சத்தியத்தை மீறுவதாகுமா? எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒன்று படித்தோம். மனைவி தன்னை வருத்திக்கொள்ள நேர்ந்துகொண்டால், புருஷன் அதைக் கேட்ட அன்றே ரத்து செய்யலாம். அன்று சும்மா இருந்துவிட்டால் அது நிலைத்துவிடும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை இரண்டு தரம் சொன்னார்.

மீன் லாரி ஓட்டும் நிஸீம் மாமா விடியலில் தெற்கே கிளம்புகிறார். நாளை இருட்டியதும் இது உங்கள் கைக்கு வந்துவிடும். படித்தவுடன், சாப்பிடுவதற்கு முன், நேர்ச்சை ரத்து என்று சத்தமாகச் சொல்லுங்கள். மறுநாள் காலை தபால் ஆபீஸ் திறந்ததும் அம்மாவுக்குத் தந்தி அடியுங்கள். அன்று மாலை சூரியன் மறைந்ததும் விரதம் தொடங்கிவிடும், பிறகு தந்தி கொண்டுவர யாரும் இருக்கமாட்டார்கள்.

தந்தி வராவிட்டாலும் நான் குவளையோடு அம்மா பக்கத்திலேயே இருப்பேன். ஆனால் என் கையால் கொடுத்தால் குடிக்கமாட்டாள்.

அம்மா எழுந்து நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

விரத மாலையில் எங்கள் இருவரையும் அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள், அப்பா. அம்மாவையும் சேர்த்து.

உங்கள் மகள்,
மசால்