வேன் சாவி என்னிடம் இருக்கிறது

என்னங்க,

வேன் சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. இன்று பிள்ளைகளை ஏற்ற வேறு டிரைவரை அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்துவிட்டேன். சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். கண் சொட்டு மருந்து ஃபிரிட்ஜ் கதவில்.

சனிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் உங்கள் விழித்திரையின் ரத்த ஓட்டத்தை அளந்தபோது, "கண்ணைச் சிமிட்டிட்டீங்க, இன்னொரு தடவை எடுக்கிறேன்" என்றேனே, அது பொய். நீங்கள் சிமிட்டவே இல்லை. மெஷின்தான் தப்பாகக் காட்டுகிறதோ என்ற நப்பாசையில் மூன்று முறை எடுத்தேன். மூன்றிலும் இடது கண்ணில் ஓட்டம் போன வருடத்தைவிட ரொம்பக் குறைவு. உங்கள் கண்ணழுத்த நோய், அந்தக் கிளாக்கோமா, சும்மா இருக்கவில்லை.

அன்று கண் கொஞ்சம் மோசம் என்று மட்டும் சொன்னதற்கே, "ரெண்டு மாசத்துக்கு டாக்டர்கிட்ட மூச்சு விடாதே, வேலை போயிடும்" என்றீர்கள். நானும் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து அங்கே டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இங்கே உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கமும் நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களே, அப்போது இடப்பக்கம் சைக்கிளில் வந்த அம்மாவை நீங்கள் பார்க்கவே இல்லை. நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டீர்கள். பின்னால் பதினோரு பிள்ளைகள்.

ரிப்போர்ட்டை இன்று கொடுக்கப்போகிறேன்.

பி.கு.: வழியில் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, இப்போதே டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு உங்களை வரச் சொன்னார். என்னோடு சண்டை போடுவதற்காகவாவது வந்துவிடுங்கள்.