ஜெபிக்காத அரை ஏக்கர்

9 டிசம்பர் 1968

லோயிஸுக்கு மூக்கடைப்பு. பால் குடிக்கத் தொடங்கி, மூச்சு முட்டி விட்டுவிடுகிறாள். தைலம் தடவித் தூங்க வைத்தேன். எட்டு மாதக் குழந்தை இவ்வளவு வேகமாக மூச்சு விடுமா? இவரைக் கேட்டால், "நீ எண்ணாம இருந்தா சரியா விடுவா" என்கிறார்.

சனிக்கிழமை சபை நிலத்தில் அறுப்பு முடிந்தது. அரை ஏக்கரில் பன்னிரண்டு மூட்டை! ஐ.ஆர். எட்டு என்ற புதுக் குட்டை நெல். முடிச்சுப் போட்ட கயிறு பிடித்து, முடிச்சுக்கு ஒரு குத்தாக வரிசை நடவு, குத்துக்கு இரண்டே நாற்று. சபையின் விவசாய ஊழியராக இவர் ஒரு வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சொன்னதெல்லாம் களத்தில் குவிந்து கிடந்தது. கல்லூரியில் மூன்று வருஷம் தாவரவியல் படித்தேன். அந்தக் குவியலுக்கு முன்னால் நின்றபோது ஒன்றுமே படிக்காதவள் போலிருந்தது.

இன்று நாராயணசாமி வீடு தேடி வந்தார். புத்தூர் ரோட்டோரம் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர். கற்றுக்கொள்ள வந்த முதல் ஆள் என்று இவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் கேட்டது இதுதான்: "பாதிரியாரு எங்க நெலத்துக்கும் ஒரு தபா வந்து ஜெபம் பண்ணுவாரா?"

கயிறு, வரிசை என்று இவர் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எதுக்கு சார்? வெதைய கோயில்ல வெச்சி ஜெபம் பண்ணித்தானே வெதைச்சீங்க. ஊரே பாத்துச்சி."

11 டிசம்பர்

நாராயணசாமி மட்டுமில்லை, சபைக்காரர்களும் அப்படித்தான். "கர்த்தருடைய நெலம், வெளையாம போவுமா?" என்கிறார் மேரியம்மா. தன் நிலத்தில் பழையபடி கொத்துக் கொத்தாக நட நாற்று விட்டிருக்கிறாராம்.

இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஜெபத்தால் மட்டும் விளையவில்லை என்று சபை ஊழியர் எந்த வாயால் சொல்வார்? சொல்லாவிட்டால் யார்தான் கற்றுக்கொள்வார்கள்?

15 டிசம்பர்

நான்தான் சொன்னேன் — வேறு யாருடைய நிலத்திலாவது, ஜெபமே இல்லாமல் நட்டுக் காட்டலாம் என்று. யாருடையது என்றார். யோசிக்காமல் செங்கம்மாக்கா பெயரைச் சொல்லிவிட்டேன்.

நடவுக்குப் பெண்களைக் கூட்டி வருகிறவர் அவர். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், அரை ஏக்கர் நிலம். அதில் வரும் ஆறு மூட்டைதான் மூன்று பேருக்கும் சாப்பாடு. தவறிப்போனால்?

நானே போய்க் கேட்டேன். என் இடுப்பிலிருந்த லோயிஸைப் பார்த்துவிட்டு, "கைக்கொழந்தைய வெச்சிக்கினு பொய் சொல்லமாட்ட நீ. போடு" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆறு மூட்டையைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

18 டிசம்பர்

இவர் போய்ச் சொன்னதும் போதகர் சுந்தர்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "பாதிரியார்கிட்ட வந்து ஜெபம் பண்ணாதேன்னு சொல்றவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்டா தியோடர்."

சிரித்து முடித்து, "சரி, அந்தப் பக்கமே வரல. வீட்டுக்குள்ள கதவ சாத்திக்கினு பண்ணா ஆட்சேபணை இல்லையே?" என்றார்.

20 ஜனவரி 1969

செங்கம்மாக்கா நிலத்தில் நடவு. கயிற்றைப் பார்த்ததும் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "இன்னாக்கா, ரேணிகுண்டாவுக்கு ரயிலு வுடப்போறியா?" மதியத்துக்குள் கை பழகிவிட்டது.

27 ஜனவரி

நிலம் வெறிச்சென்று கிடக்கிறது. இரண்டிரண்டு நாற்று, நடுவில் தண்ணீர்தான் தெரிகிறது.

வரப்பில் நின்று நாராயணசாமி, "வழுக்க மண்டைய சீவி வுட்டாப்ல இருக்குதே செங்கம்மா" என்றார்.

"தெனம் கண்ணாடில பாக்கறவருக்குத் தெரியாதா" என்று செங்கம்மாக்காவும் விடவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது நிலத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

30 ஜனவரி

நாற்று மஞ்சள். லோயிஸுக்குக் காய்ச்சல். எதற்கு முதலில் பயப்படுவது?

1 பிப்ரவரி

காய்ச்சல் விட்டது. விடிந்ததும் குழந்தையை இவரிடம் கொடுத்துவிட்டு நிலத்துக்கு ஓடினேன். வேர் பிடிக்கும்வரை வெளுக்கத்தான் செய்யும். எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன். தெரிந்து என்ன? நின்றேன், கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, அந்தப் பிள்ளைங்க என்ன துன்னும், நான் எப்படி அவங்க மூஞ்சில முழிப்பேன் — இப்படித்தான் வந்தது, வேறு வார்த்தை வரவில்லை.

கண்ணைத் திறந்தால் எதிரே செங்கம்மாக்கா.

"ஜெபம் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

அழுதுவிட்டேன். அவர் என்னை வரப்பில் உட்கார வைத்து, "சாரு கைல சொல்லாத. நானும் செல்லியம்மனுக்குப் பொங்கல் வெக்கறேன்னு வேண்டிக்கினு இருக்கறேன்" என்றார்.

இரண்டு பேரும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு.

14 பிப்ரவரி

பச்சை! ஒரு குத்தில் கிளைத்த தண்டுகளை எண்ணினேன், பதினொரு தூர். நட்டது இரண்டு.

3 மார்ச்

இருபத்தெட்டு. மண்டி போட்டு மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டுதான். பக்கத்துக் குத்தில் இருபத்தாறு. வரிசைக்கு நடுவே தண்ணீரையே காணோம், இலைதான். இரண்டு நாற்றுக்குள் இத்தனையும் எங்கே காத்திருந்தன? பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது. விரலால் தொடும்போது உடம்பு சிலிர்க்கிறது. சத்தம் போட்டு ஆண்டவரைத் துதிக்க வேண்டும் போலிருந்தது. கூடாதே. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

8 மே

பதின்மூன்று மூட்டை.

வைக்கோல்தான் குட்டை, மாடு என்ன துன்னும் என்று ஒருவர் ஆரம்பித்தார். "என் பொண்ணுங்க துன்னட்டும் மொதல்ல" என்றார் செங்கம்மாக்கா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வேண்டுதல் வெளியே தெரிந்தால் ஊரார் இனி செல்லியம்மன்தான் கொடுத்தாள் என்பார்களோ என்று எனக்குப் பயம். நாராயணசாமி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு இவரிடம் வந்தார்.

"நடவு நாள்லேருந்து நான் பாத்துக்கினேதான் இருந்தேன் சார். பாதிரியாரு ஒரு நாளும் இந்தப் பக்கம் வரல." கையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டார். "அந்தக் கயித்துல எத்தினி அங்குலத்துக்கு ஒரு முடிச்சு?"

செங்கம்மாக்கா என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் சட்டையைச் சரி செய்தேன்.

13 ஆகஸ்ட்

லோயிஸ் நான்கடி நடந்தாள். விழுந்தாள், அழவில்லை.

சபை நிலம் உழுது தண்ணீர் கட்டித் தயாராகக் கிடக்கிறது. நாற்றுக்கு இன்றோடு இருபத்தாறு நாள், முற்றிக்கொண்டு வருகிறது. இவர் காலையில் செங்கம்மாக்காவிடம் நடவுக்கு ஆள் கேட்கப் போனார்.

"இந்த வாரம் ஆவாது சார். இன்னிக்கி நாராயணசாமி நெலம், நாளிக்கி மேரியம்மாது. எல்லாமே வரிசை நடவு, நேரம் புடிக்குது. செவ்வாக்கெழமைக்கி மேல பாக்கலாம்."

இவர் அதைப் போதகரிடம் வந்து சொன்னார். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார், பின்னாலேயே இவரும். குழந்தையை வரப்பில் துணி விரித்து உட்கார வைத்துவிட்டு நானும் இறங்கினேன். இருட்டும்வரை மூன்று பேரும் நட்டது நாலே வரிசை.