ஆட்டுக்குப் போன இட்லி

12, செவ்வாய்

காலையிலேயே வெயில். செஞ்சிக் கோட்டைப் பாறை சூடேறிவிட்டால் தெருவே தோசைக்கல். ஆபரேஷன் முடிந்து பதினைந்தாம் நாள். வெளியே, வயிற்றுத் தோலில் போட்ட தையல் பிரித்தாயிற்று. உள்ளே, குடலில் ஓட்டை விழுந்த இடத்தில் போட்ட தையல் அப்படியே. அதை யாரும் பார்க்க முடியாது. நான் மட்டும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

சாக்கு வியாபாரி எனக்குத் தெரியாதா? ஒட்டுப்போட்ட சாக்கில் நெல்லைத் திணித்தால் முதலில் விடுவது தையல்தான். ஆகவே சாக்கை நிரப்பக் கூடாது. இது என் சொந்த வைத்தியம். மனைவி சரோஜாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மடியில் போட்டு ஊட்டுவாள்.

கா. இட்லி 4. நான் அரை. மீதி ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுத் தனத்தின் ஆட்டுக்கு.
மதியம் குழைந்த சாதம். இரண்டு வாய். மீதி ஆட்டுக்கு.
மா. கஞ்சி. ஆடு தொடவில்லை. வாஷ்பேசின் குடித்தது.
நடை: இல்லை.
இருமல்: வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு, மூன்று முறை.

13, புதன்

நாளை அமாவாசை. மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்களின் ஹாரன் இன்றே காதைக் கிழிக்கிறது.

பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மடக்குகிறாள் சரோஜா. “உள்ள போங்க, ஆனா சிரிக்க வெச்சிடாதீங்க, தையலு விட்டுடும்.” வருகிறவன் முகம் எழவு வீட்டு முகமாகிவிடுகிறது. பஜாரையே சிரிக்கவைத்துச் சாக்கு விற்றவனுக்கு இந்தத் தண்டனை.

ஜன்னலுக்கு வெளியே, குழாயடியில்:
“அக்கா, எங்க ஆட்டு வயித்த பாத்தியா? செனையா இருக்குது போல.”
“கெடாவே இல்லாம எப்புட்றீ?”
“தெருவுல எத்தினி திரியுது. எதையின்னு கேக்கறது?”

தலையணையைக் கடித்துக்கொண்டேன். என் இட்லியால் ஓர் ஆட்டின் மானம் போகிறது.

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. எழுந்தால் தொடை நடுங்குகிறது. வயிறு இரண்டு நாளாகச் சத்தமே போடவில்லை. ஓய்வெடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை.

14, வியாழன்

விழுப்புரம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. எடை நாலு கிலோ காணோம். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதுதான் கிலி.

“என்னய்யா சாப்பிடறீங்க?”
“தெனம் நாலு இட்லி டாக்டர்!” சரோஜாவுக்குப் பெருமை.
டாக்டரம்மா என்னையே பார்த்தார். சாக்கு, தையல், ஆடு, எல்லாவற்றையும் கக்கினேன்.

“சாக்கு செத்த சணல், ஐயா. இது உயிரோட இருக்கறது. குடல் சுருங்கி விரியணும், சாப்பாடு உரசிக்கிட்டுப் போகணும். அந்த அசைவு இருந்தாதான் புண்ணு ஓரத்துத் தோல் நகர்ந்து வந்து மூடும். சும்மா போட்டா உள்தோல் மெலிஞ்சிடும். ஒரேயடியா உப்ப வெச்சாலும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, நடங்க. திங்கட்கிழமை பாக்கறேன்.”
“இல்லேன்னா?”
“அட்மிஷன். தையல் சேரலேன்னா மறுபடி திறக்கணும். கொஞ்ச நாள் மலம் வெளிய வர்றதுக்கு வயித்துல பை வெக்க வேண்டி வரலாம்.”

பை. சாக்குக் கடைக்காரனுக்குப் பை. இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் சரோஜா பேசியது ஒரே வார்த்தை. செஞ்சி நெருங்கும்போது. “ஆட்டுக்கா?”

15, வெள்ளி

மூன்று ஸ்பூன் சாதம். நாலாவது கையிலேயே நின்றது. எதிரே சரோஜா. ஜன்னல் சாத்தியிருக்கிறது.

கடையில் சாக்கு தைக்கிற குப்பு வந்தாள். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.
“இன்னா மொதலாளி நீ? ரெண்டு ஓரத்தையும் இழுத்துப் புடிச்சிக்கினுதானே தைக்கறேன்? தொளதொளன்னு உட்டா அந்தத் தையலுதான் மொதல்ல வாயப் பொளக்கும். இத்தினி வருசமா எதிர்க்க குந்தினு இன்னாத்த பாத்த?”

எதைப் பார்த்தேன்? வாயைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் போனபின் நாலாவது ஸ்பூன். ஐந்து. மா. வாசல் வரை நடை. கை வயிற்றை விட்டு நகரவில்லை.

16, சனி

மேகம். கா. இட்லி 3. ஒன்று உள்ளே போயிற்று. இரண்டாவதில் பாதி போகும்போது உள்ளே சுருக்கென்று ஓர் இழுப்பு. போச்சு என்று நினைத்தேன். வேர்த்துக் கொட்டியது. சரோஜா முகமும் வெளுத்தது, ஆனாலும் “எழுந்திரிங்க, நடக்கலாம்” என்றாள். ரேஷன் கடை வரை போனோம். கிழவனும் கிழவியும் கைகோத்துப் போவதைத் தனம் பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

திரும்பி வந்து படுத்தேன். தண்ணீர் வருமுன் குழாயில் காற்று வருமே, அதுபோல உள்ளே கடகட. சரோஜா காதை வைத்தாள்.
“ஏங்க, பேசுதுங்க.”
“இன்னா சொல்லுது?”
“மீதி இட்லி எங்கன்னு கேக்குது.”

சிரித்துவிட்டேன். வலித்தது. பயம் போகவில்லை, திங்கட்கிழமை இருக்கிறது. மீதி ஒன்றரை இட்லியையும் தின்றேன், எண்ணி எண்ணி மென்று. ஜன்னலுக்கு வெளியே தனத்தின் ஆடு வந்து நின்று கத்துகிறது.

கத்தட்டும்.