இன்கிரிட் இருந்த இடத்தில் என் படம்

ரொம்சோஸ், ஒஸ்லோ
சித்திரை 23

என் அன்பு மகள் கம்சிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி இறங்கும்போது நோகிறதாம், ஏறும்போது ஒன்றுமில்லையாம், ஆனபடியால் டொக்டரிடம் போகத் தேவையில்லை என்று அவராகவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். இங்கே பனி கரைந்துவிட்டது, வழுக்காமல் இருக்க மாரியில் கொட்டின சல்லிக்கல்லை இப்போதுதான் கூட்டி அள்ளுகிறார்கள், சப்பாத்துக்குள்ளே தினமும் ஒரு கல்லாவது வீட்டுக்கு வருகிறது. மெல்பேர்னில் இனிக் குளிர் தொடங்கும், போன வருடம் மாதிரி மெல்லிய ஜக்கெற்றோடு திரியாதே. ‘ஒஸ்லோவில் பிறந்த எனக்கு இது ஒரு குளிரா’ என்று கேட்பாய், ஆனால் அங்கே வீட்டுக்குள்ளேதான் கூடக் குளிருகிறது என்று சொன்னதும் நீதான்.

ரெலிபோன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கதைத்தது நல்லபடி முடியவில்லை. திரும்ப எடுத்தால் நான் சத்தம் போடுவேன், நீ சரி அம்மா சரி அம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், உன் ‘சரி’க்கு என்ன கருத்து என்று உனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போதே நான் படித்துவிட்டேன். எழுத்தில் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். நீ கட்டப்போகிற துஷாந்தின் அப்பாவும் அம்மாவும் ஆடி மாதம் எங்களைப் பார்க்க ஒஸ்லோவுக்கு வருகிறார்கள், வருவதற்கு முதல் எங்கள் பெயர்களைக் கூகிளில் போட்டுப் பார்ப்பார்கள், இரண்டு பேரும் பெரிய உத்தியோகக்காரர்கள், என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் சொன்னாய்: “அம்மா, அந்தக் காலோடை இருக்கிற படத்தைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடுங்கோவன்.” கேட்டவுடன் எனக்கு நெஞ்சு சுட்டது பிள்ளை. அதை ஒளித்து வைத்துக்கொண்டு சுகம் விசாரிக்க எனக்கு வராது. அந்தப் படம் என் இணையத்தளத்தில் எப்படி வந்தது என்று உனக்கு முழுக்கத் தெரியாது, அதைச் சொல்லிவிட்டு என் பதிலைச் சொல்கிறேன்.

வயோதிபர் இல்லத்தில் நான் வேலை செய்த மாடியைப் போன வருடம் மூடினது உனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் நின்ற இடம். ஐம்பத்தாறு வயதில் என்னை வா என்று கூப்பிட ஒருவரும் இல்லை, கூப்பிட்ட இரண்டு இடமும் படிக்கட்டுக் கழுவ. நான்தான் பிடிவாதமாகக் கால் பராமரிப்புப் படிப்புக்குப் போனேன், இல்லத்தில் இருந்த காலம் முழுக்க முதியவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது கால் நகத்தைத்தான், குனிய முடியாதவர்களுக்கு அதைவிடப் பெரிய கரைச்சல் வேறில்லை. படித்து முடித்துச் சான்றிதழும் வந்தது. கடையில் இருக்கும் அறிவித்தல் பலகையில் துண்டு குத்தினேன், அதைப் பார்த்து எடுத்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கு இணையத்தளம் இருக்கிறதா என்பது. இல்லை என்றவுடன் யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுவார்கள். அப்போதுதான் தை மாதம் நீ சொன்னாய், ஒரு மணித்தியாலத்தில் நான் செய்து தருகிறேன் என்று. நான் வேண்டாமென்றது உன் மேல் கோபத்தில் இல்லை. நீ செய்தால் அது உன்னுடையதாகத்தான் இருக்கும். ஒரு எழுத்து மாற்ற வேண்டுமென்றாலும் இங்கே எனக்குப் பின்னேரம், அங்கே நீ நடு நித்திரை. என் கடைக்குத் திறப்பு என் கையில் இருக்க வேண்டுமென்று நினைத்தேன்.

கோட் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே இருக்கும் ஒரு தளத்தை அனஸ்ரேசியா கண்டுபிடித்துத் தந்தா, என்னோடு இல்லத்தில் வேலை செய்து என்னோடு வேலை போன அதே அனஸ்ரேசியாதான். வீடு கட்டி, தளபாடமும் போட்டு வைத்திருப்பார்கள், நாங்கள் போய் அவர்களுடைய சாமானை எடுத்துவிட்டு எங்களுடையதை வைக்க வேண்டியதுதான். சொல்ல லேசு. முதல் நாள் தலைப்பை மாற்றப் போய் முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டேன், இரண்டாம் நாள்தான் செய்ததைத் திரும்ப எடுக்க ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கிறதென்று கண்டேன், அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. லப்டொப்பில் வடிவாக இருந்த பக்கம் ரெலிபோனில் பார்க்கும்போது எழுத்துக்கு மேல் எழுத்து ஏறி நின்றது, அதைச் சரிப்படுத்த ஒரு கிழமை. கால் பராமரிப்பு என்றுதான் எழுதலாம், சிகிச்சை என்று எழுதக்கூடாது, அதற்கு வேறு படிப்பு, அந்தச் சொல்லை மூன்று இடத்தில் தேடித் தேடி எடுத்தேன். மேலே ‘Om meg’ என்று ஒரு பட்டன் இருந்தது. அப்பா கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, பிள்ளையாரைக் கும்பிட்டு ‘ஓம்’ போட்டுத்தான் தொடங்கியிருக்கிறாய் என்றார். முப்பது வருடம் இந்த நாட்டில் பஸ் ஓட்டின மனுசன். அது ‘என்னைப் பற்றி’ என்று சொல்லிச் சிரித்தேனே தவிர, அந்தப் பக்கத்தை மட்டும் நான் திறக்கவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதுவது, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டு, மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை ‘வெளியிடு’ என்ற பட்டனை அமத்திவிட்டேன்.

அடுத்த நாளே அழைப்பு வந்தது. இன்கிரிட் இருக்கிறாவா என்று ஒரு அம்மா கேட்டா, பிழையான இலக்கம் என்று வைத்துவிட்டேன். பின்னேரம் இன்னொருவர், அவருக்கும் இன்கிரிட் வேண்டுமாம். மூன்றாவதாக எடுத்தவதான், உங்கள் பக்கத்திலேயே படம் போட்டிருக்கிறதே என்று சொன்னா. ஓடிப்போய்த் திறந்து பார்த்தால், நான் விட்டுவைத்த அந்த ‘என்னைப் பற்றி’ப் பக்கத்தில், அவர்கள் மாதிரிக்கு வைத்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் இன்கிரிட், உங்கள் சந்தோசமே என் சந்தோசம் என்று பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. அனஸ்ரேசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்து முடித்துவிட்டு, அவள் பாட்டுக்கு அங்கே நிற்கட்டும், சோறு தண்ணி கேட்காமல் உனக்கு ஆள் பிடித்துத் தருகிறாள், ஏன் கலைக்கிறாய் என்றா. அப்பாவும் அதையேதான் சொன்னார். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் படத்தை வைத்துக்கொண்டே முதல் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்தா, பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தா, இன்கிரிட் படியேறி வருகிறாளாக்கும் என்று. நான் அவளுடைய உதவியாள் என்று நினைத்துவிட்டா. நானும் வாய் திறக்கவில்லை. இரண்டு காலையும் ஊறவைத்து, நகம் வெட்டி, குதிக்கால் தோலெல்லாம் தேய்த்து, கிறீம் பூசி விட்டேன், மனுசி கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. போகும்போது கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, இன்கிரிட்டுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள் என்றா. ரி-பான ரயில் வந்து நின்றதும் தெரியாமல் ஸ்டேசனில் நின்றேன், ஒன்று போய் அடுத்ததில்தான் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தும் கழற்றாமல் லப்டொப்பைத் திறந்து இன்கிரிட்டை அழித்தேன். அடுத்த நாள் அனஸ்ரேசியா வந்து சாளரத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா, நான் வெள்ளைச் சட்டை போட்டுச் சின்ன ஸ்டூலில் இருந்து அவவின் காலை மடியில் வைத்தேன், அப்பாவைத்தான் படம் எடுக்க வைத்தோம். போட்டுப் பார்த்தால் அந்தத் தளம் என் தலையை வெட்டிவிட்டுக் காலை மட்டும் காட்டுகிறது. அதை இழுத்து, சுருக்கி, முகம் உள்ளே வரச்செய்ய ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் சொன்னார்: “ஒருத்தற்றை காலையும் பிடிக்காமல் இந்த நாட்டிலை சீவிச்சனாங்கள்.” அவர் சொன்னது எந்தக் காலைப் பிடிப்பது என்று உனக்கும் விளங்கும். நான் பிடிப்பது நோகிற கால், அதைப் பிடித்து நான் ஒருவரிடமும் ஒன்றும் இரந்து கேட்கவில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒரு அழைப்பும் இல்லை. இன்கிரிட்டுக்கு ஒரு கிழமையில் மூன்று பேர், எனக்கு ஒன்பது நாளில் ஒருவரும் இல்லை. ரெலிபோன் பழுதோ என்று அனஸ்ரேசியாவை எடுத்துப் பார்க்கச் சொன்னேன், நல்லாய் அடித்தது. அந்த நாட்களில் நான் அழுதேன், உனக்குச் சொல்லவில்லை. இன்கிரிட்டைத் திரும்ப வைக்கக் கை போனது, வைக்கவில்லை. பத்தாம் நாள் ஆர்ன என்று ஒரு கிழவர் எடுத்தார், எங்கள் பக்கத்து மேட்டுத் தொடர்மாடியில் எட்டாம் மாடி. மனைவி எங்கள் இல்லத்தில்தான் மூன்று வருடம் இருந்து காலமானவவாம். சிவரஞ்சினி என்று சொல்ல வராமல் அங்கே எல்லோரும் என்னைச் சிரி என்றுதானே கூப்பிடுவார்கள், அவருக்கு என் முழுப்பெயர் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் எடுத்தாராம். “என்ரை மனுசின்ரை காலைத் தன்ரை கால் மாதிரிப் பார்த்த ஆள் நீங்கள்தானே?” என்று கேட்டார். அவருடைய காலை உனக்குச் சொன்னால் சாப்பிட மாட்டாய், அரை வருடமாக அவரே தன் காலைப் பார்க்கவில்லை, ஒரு விரலில் புண்ணும் இருந்தது, அதில் நான் கை வைக்கவில்லை, டொக்டருக்கு எடுத்து நேரம் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவர் சொல்லி அதே மாடியில் நான்கு பேர், அங்காலை இன்னும் மூன்று பேர், சித்திரை மாதத்துக்கு இரண்டு நாள்தான் காலியாக இருக்கிறது. அப்பா காரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார், கால் ஊறவைக்கும் தொட்டியையும் அவர்தான் தூக்கிக்கொண்டு வருகிறார், அந்த முழங்காலோடு.

இதுதான் மகள் அந்தப் படத்தின் கதை. உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் ஆட்கள் எப்படிக் கதைப்பார்கள் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம், இங்கே நகரத்துக்குள் குறொன்லாண்டில் மரக்கறிக் கடையில் எங்கள் ஆட்களில் ஒரு அம்மா என்னைக் கண்டு, இப்ப வெள்ளைக்காரருக்குக் கால் கழுவுறியளாம் என்று கேட்டா, ஓம், உங்களுக்கும் கழுவலாம், நேரம் பதிந்துவிட்டு வாருங்கோ என்று சொல்லிவிட்டு வெண்டிக்காய் பொறுக்கினேன். ஆனால் ஒரு முன்பின் தெரியாத பிள்ளையின் முகத்துக்குப் பின்னால் ஒருதரம் ஒளித்துப் பார்த்துவிட்டேன், அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வந்து நின்ற நிலை இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. இனி என் சொந்தப் பிள்ளைக்காகவும் ஒளிக்க மாட்டேன். துஷாந்தின் அம்மா கேட்டால் என் அம்மா கால் பராமரிக்கிறா என்று நேரே சொல்லு. சொல்ல உனக்கு வாய் வராவிட்டால் விடு, ஆடியில் வந்து இந்த மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது நானே சொல்கிறேன். துஷாந்த் நல்ல பிள்ளை என்றுதான் எனக்குப் படுகிறது, நீ அவனுக்கு இதைக் காட்டினாயா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். முதலில் அவனுக்குக் காட்டு.

உனக்கு ஒரு குறையும் வராது, முருகன் துணை நிற்பான், நீ நினைத்த வாழ்க்கை நினைத்தபடி அமைய வேண்டுமென்று நானும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். இரும்புச்சத்துக் குளிசையை இடையில் விடாதே. அப்பாவின் பிறந்தநாள் வைகாசி எட்டு, மறந்துவிட்டுப் பிறகு நேர வித்தியாசத்தில் பழியைப் போடாதே.

ஒன்று நினைவில் வைத்துக்கொள். இணையத்தளத்தின் கடவுச்சொல்லை ஒரு சின்னத் துண்டில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கடவுச்சொல்லைத் தபாலில் அனுப்புகிறதா என்று நீ தலையில் அடிப்பாய், அடி. படத்தை என் கையால் எடுக்க மாட்டேன். எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் நீயே உள்ளே போய், என் முகத்தைப் பார்த்து, அழி என்ற பட்டனை நீயே அமத்து. நான் கோபிக்க மாட்டேன், ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டேன். அடுத்த நாள் காலையில் திரும்பப் போட்டுவிடுவேன், எப்படிப் போடுவதென்று இப்போது எனக்குத் தெரியும்.

என்றும் உன் அன்பு அம்மா,
சிவரஞ்சினி இராஜதுரை