ஆட்டுக்குட்டிக்குத் தைத்த சட்டை

தூரத்தில் இருந்துகொண்டு ஆட்டுப்பண்ணை நடத்தும் என் பேரனுக்கு,

பாட்டி எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நேற்று போனில் உன் மனைவியிடம் நீ கத்திய கத்து அடுப்படிவரை கேட்டதே, தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. போனில் நான் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தின் வாயை அடைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஆட்டுக்குட்டி ஒன்று செத்ததை அந்தப் பெண் இத்தனை நாளாகப் பயந்து மறைத்து நேற்றுதான் சொன்னாள். அதற்கு நீ, "ஒரு ஆட்டைப் பாத்துக்கத் தெரியல, நீயெல்லாம் என்ன பொம்பள" என்றாய். நம் வீட்டில் யாருக்கடா ஆட்டைத் தெரியும்? உன் தாத்தா தையல்காரர். உன் அப்பன் தையல்காரன். நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டு, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தவள். ஆட்டை நாங்கள் பார்த்ததே கறிக்கடையில்தான். நீ செல்போனில் படம் பார்த்துப் பண்ணை வைத்தாய். ஆடுகளை இறக்கினாய், லீவு முடிந்ததென்று பறந்துவிட்டாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஐந்தாவதுக்குள்ளேயே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நீ படித்த படிப்பில் அது வரவில்லையா?

மழையில் இரண்டு ஆடுகள் மூன்று குட்டி போட்டன. குட்டிகள் நடுங்கின. "சுத்தம்தான் முக்கியம், சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, கதகதப்பா மூடி வை" என்று போனில் சொன்னது யார்? அவள் தன் வாசனை சோப்பையே எடுத்துக் குளிப்பாட்டினாள். நான் மிச்சத் துணியில் லைனிங் கொடுத்துச் சட்டை தைத்துப் போட்டேன். காலர்கூட உண்டு. அளவு அவ்வளவு கச்சிதம், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

தாய் ஆடுகள் மோந்து பார்த்தன. முட்டித் தள்ளின. மடியில் வாய் வைக்க விடவில்லை. மாட்டு டாக்டர் வந்து சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "பாட்டி, ஆடு மூக்காலதான் பிள்ளைய அடையாளம் பாக்கும். நீங்க மாப்பிள்ளை மாதிரி சோடிச்சு அனுப்பினா, யாரு வீட்டுப் பிள்ளைன்னுதான் நினைக்கும்" என்றார். சட்டையைக் கழற்றி, தாயின் பாலையே குட்டி மேல் தடவி, தாயைப் பிடித்துக்கொண்டு ஊட்டவைத்தோம். ஒன்று சேர்ந்துகொண்டது. ஒன்று அதற்குள் போய்விட்டது. மூன்றாவதைத் தாய் இன்றுவரை அண்டவிடவில்லை. அதற்கு உன் மனைவிதான் புட்டிப்பால் கொடுக்கிறாள். நீ கத்தும்போதும் அது அவள் மடியில் இருந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் புட்டி. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

சோப்பு நீ சொன்னது. சட்டை நான் தைத்தது. பழி மட்டும் அவளுக்கா? தைரியம் இருந்தால் என்னைத் திட்டு, பார்க்கலாம்.

இதையும் தெரிந்துகொள். அவள் பெட்டி கட்டிவிட்டாள். கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். நான் தடுக்கவில்லை, எந்த முகத்தோடு தடுப்பது? காலையில் வாசல்வரை போனாள். குட்டி கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. பெட்டியை வைத்துவிட்டுப் பால் காய்ச்ச வந்தாள். இப்போதைக்கு அவளை இந்த வீட்டில் பிடித்து வைத்திருப்பது அந்தக் குட்டி ஒன்றுதான். அதுவும் இன்று ஒரு தழையைக் கடித்துப் பார்த்தது; இனி எத்தனை நாளைக்குப் புட்டிப்பால் கேட்கும்?

நீ நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அடுத்த முறை கூப்பிடும்போது ஆடு எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. "நீ சாப்பிட்டியா" என்று அவளைக் கேள். தாமதிக்காதே.

கோபம் ஆறாத,
உன் பாட்டி