கேம்பர் எடையும் அம்மா எடையும்

அன்புள்ள அம்மா,

வயோமிங்ல நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு?

பிக்கப் வண்டி முதுகுல ஏத்துற கேம்பர் வீடு வாங்கிட்டேன்மா, செம! வண்டிக் கதவு ஸ்டிக்கர்ல 1,900 பவுண்டு தாங்கும்னு போட்டிருக்கு. விளம்பரத்துல கேம்பர் 1,500தான். நாப்பது வீடியோ பாத்தவனாச்சே, தைரியமா ஏத்திட்டேன். வண்டி பின்னாடி உக்காந்துடுச்சு, ஹெட்லைட் வானத்தைப் பாக்குது!

லாரி எடைமேடைல வேலை பாக்குற லோரீன் அக்கா எடைச் சீட்டைப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. "180 அதிகம்டா வெஸ்லி! விளம்பரத்துல போடுறது வெறும் பெட்டி எடை. தண்ணி, கேஸ், பேட்டரியெல்லாம் யாரு சேர்ப்பாங்க? ஆமா, நீ என்ன ஆவியா? உன் எடை எங்க?"

தண்ணித் தொட்டியைக் காலி பண்ணேன், 240 குறைஞ்சுது. இப்போ இன்னும் 60 பவுண்டுதான் ஏத்தலாம். ஜூலைல உன்னைக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல? அதான்மா, கோவப்படாதே, உன் எடை எவ்வளவு? பட்டினி கிடந்துடாதே! ஜெனரேட்டர், மைக்ரோவேவ், ஏணி எல்லாத்தையும் கழட்டிடுறேன். ஆறு மாசமா பக்கத்து சீட்டுல பீட்சா டப்பாதான் உக்காந்து வருது.

தபால் வண்டி வந்துடுச்சு. நிஜமான நம்பரை எழுதும்மா. உன் லைசென்ஸ்ல இருக்கிறது வேண்டாம், அது நான் பிறக்கறதுக்கு முன்னாடி சொன்னது.

உன் வெஸ்லி